பூட்டு எங்கே இருக்கிறது? கேம்களில் மறைந்திருப்பதைத் திறக்கும் கருவிகள் வேலை செய்யும் விதம்

பூட்டிய கதாபாத்திரம், பூட்டிய உடை, பூட்டிய படத்தொகுப்பு எல்லாமே திரையில் ஒரே பூட்டுச் சின்னத்தோடுதான் தெரியும். ஆனால் அந்தப் பூட்டு உள்ளே ஐந்து இடங்களில் எதிலாவது இருக்கலாம்: புரோகிராமின் கட்டளைகளில், கேம் ஓடும்போது மெமரியில், சேவ் ஃபைலில், கேமை விற்ற கடையின் மென்பொருளில், அல்லது எங்கோ இருக்கும் சர்வரில். சீட் கோட், டிரெய்னர், சேவ் எடிட்டர், அன்லாக்கர் என்று பல பெயர்களில் உலவும் கருவிகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஓரிடத்தைத்தான் தொடும். "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பூட்டு ஒரு கதவில் இருக்க, சாவியை வேறு கதவில் நுழைத்துக்கொண்டிருப்பார்கள்.

கட்டளையை மாற்றுவது

கேம் ஜீனி 1990-இல் வந்தது. உருவாக்கியது கோட்மாஸ்டர்ஸ், விற்றது கலூப் என்ற பொம்மை நிறுவனம். நின்டெண்டோ என்இஎஸ் கன்சோலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் செருகப்படும் ஓர் அட்டை அது. கன்சோலின் பிராசசர் ஒரு குறிப்பிட்ட முகவரியைப் படிக்கும்போது, கார்ட்ரிட்ஜில் இருக்கும் பைட்டுக்குப் பதில் தன் கையிலிருக்கும் பைட்டைக் கொடுக்கும். கார்ட்ரிட்ஜில் எதுவும் மாறாது. அட்டையைக் கழற்றினால் பழைய கேம் அப்படியே இருக்கும்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு முடிவில்லாத உயிர் தரும் கோட் எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ என்ற ஆறு எழுத்து. மந்திரம் போலத் தெரியும் இதைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். கேம் ஜீனி 16 எழுத்துகளை மட்டும் பயன்படுத்துகிறது. ஒவ்வொன்றும் 4 பிட். ஆறு எழுத்துக்கு 24 பிட். அதில் 15 பிட் முகவரி, 8 பிட் புதிய மதிப்பு, மிச்சமுள்ள ஒன்று கோட் ஆறெழுத்தா எட்டெழுத்தா என்று சொல்கிறது. பிட்டுகளைக் கலைத்துப் போட்டிருப்பதால் நேராகப் படிக்க வராது. ஒழுங்குபடுத்தினால் கிடைப்பது: முகவரி 37337, மதிப்பு 173.

அந்த முகவரியில் முதலில் இருந்தது 206. என்இஎஸ் பிராசசருக்கு 206 என்றால் "சொல்லும் இடத்தில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கழி". மாரியோ சாகும்போது உயிர் எண்ணிக்கையைக் குறைக்கும் வரி அது. 173 என்றால் "சொல்லும் இடத்தில் இருக்கும் எண்ணைப் படி". இரண்டுமே மூன்று பைட் கட்டளைகள் என்பதால் பின்னால் வரும் எதுவும் இடம் பெயர்வதில்லை. அடுத்த கட்டளை "விடை பூஜ்யத்துக்குக் கீழே போனதா?" என்று கேட்கும். படிக்கும் கட்டளையும் கழிக்கும் கட்டளையைப் போலவே அந்தக் குறியைச் சரியாக ஏற்றி வைக்கும். அதனால் கேம் சந்தேகமே படாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது. ஒரே ஒரு பைட்! சுருக்கத்தில் இதை மிஞ்சும் வேலை இந்தத் துறையில் அதிகம் இல்லை.

எட்டெழுத்துக் கோட் எதற்கு? பெரிய கார்ட்ரிட்ஜ்கள் ஒரே முகவரியில் வெவ்வேறு பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும். எந்தப் பகுதி என்று பார்க்காமல் பைட்டை மாற்றினால் இசையோ படமோ சிதைந்துவிடும். கூடுதல் இரண்டு எழுத்துகள், "இங்கே ஏற்கெனவே இந்த எண் இருந்தால் மட்டும் மாற்று" என்ற நிபந்தனையைத் தாங்குகின்றன.

மெமரியில் தேடுவது

இன்னொரு வகைக் கருவிகளான ஆக்ஷன் ரீப்ளே, கேம்ஷார்க் போன்றவை கட்டளைகளை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கேமின் மெமரியில் எழுதின. உயிர் 2 ஆகக் குறைந்தாலும் அடுத்த கணமே கருவி மறுபடி 9 என்று எழுதிவிடும். பிளேஸ்டேஷன் கேம்ஷார்க் கோட் 80 என்று தொடங்கினால் இரண்டு பைட் எழுது, 30 என்று தொடங்கினால் ஒரு பைட் எழுது என்று பொருள். நின்டெண்டோ 64-இல் அதே 80 ஒரு பைட்டையும், 81 இரண்டு பைட்டையும் குறிக்கும். ஒரு கன்சோலின் கோட் இன்னொன்றில் செல்லாது. ஒரே கேமின் அமெரிக்கப் பதிப்பின் கோட் ஐரோப்பியப் பதிப்பில் வேலை செய்யாமல் போவதற்கும் காரணம் எளிது: பதிப்பு மாறினால் மெமரியில் பொருள்கள் இருக்கும் இடமும் மாறலாம்.

கணினியில் இதே வேலையைச் செய்யும் பெயர்போன கருவி சீட் என்ஜின். பயன்படுத்தும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையில் 350 காசு இருந்தால் 350 என்று தேடு. ஆயிரக்கணக்கில் முகவரிகள் வரும். 30 செலவழித்துவிட்டு 320 என்று அடுத்த தேடல் செய். மூன்று நான்கு முறைக்குள் ஒன்றிரண்டு முகவரிகள் மிஞ்சும். மதிப்பை மாற்று. பாடம் இவ்வளவுதான், சிக்கல் எல்லாம் பாடத்துக்கு வெளியே.

முதல் சிக்கல்: 350 என்று தேடினால் எதுவுமே மிஞ்சாது. அந்த எண் வேறு உருவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கருவி முதலில் 4 பைட் முழு எண்ணைத்தான் தேடும். பல கேம்கள் உயிர்ச்சக்தியைப் புள்ளி வைத்த எண்ணாக வைத்திருக்கும். தேடல் வகையை ஃப்ளோட் அல்லது டபுள் என்று மாற்ற வேண்டும். கேம் உருவாக்கும் மென்பொருள்களான ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி, விஎக்ஸ், விஎக்ஸ் ஏஸ் ஆகியவற்றில் செய்த கேம்களில் இன்னொரு விநோதம். அவை ரூபி மொழியில் ஓடுபவை. ரூபி சிறிய முழு எண்களை இரட்டித்து ஒன்றைக் கூட்டித்தான் மெமரியில் வைக்கும். 350 காசைத் தேட 701 என்று போட வேண்டும், 320-க்கு 641. இது தெரியாமல் "இந்த கேம் பாதுகாப்பு போட்டிருக்கிறது" என்று கைவிட்டவர்கள் ஏராளம். எண்ணே தெரியாமல் வெறும் பட்டையாகக் காட்டும் கேம்களுக்கு "தெரியாத தொடக்க மதிப்பு" என்ற தேடலில் தொடங்கி, குறைந்தது, கூடியது, மாறவில்லை என்று சலித்துக்கொண்டே போக வேண்டும். அடிபடாமல் சும்மா நின்று "மாறவில்லை" என்று பலமுறை சலிப்பதுதான் குப்பையை வேகமாகக் குறைக்கும்.

இரண்டாவது: மதிப்பை மாற்றினால் திரையில் மாறுகிறது, அடுத்த நொடியே பழையபடி ஆகிவிடுகிறது. கிடைத்தது திரையில் காட்டுவதற்கான நகல். அசல் மிச்சமிருக்கும் இன்னொரு முகவரியில் இருக்கும், இல்லாவிட்டால் வேறு உருவத்தில் இருக்கும்.

மூன்றாவது: இன்று கண்டுபிடித்த முகவரி நாளை கேமைத் திறக்கும்போது செல்லாது. இன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலும் புரோகிராமை வேறு வேறு இடத்தில் ஏற்றுகின்றன. கேமும் பொருள்களுக்கு அவ்வப்போது புது இடம் கேட்டு வாங்குகிறது. மாறாத ஓர் அடிப்படையிலிருந்து படிப்படியாக அந்த இடத்தைச் சுட்டும் பாயின்டர் வரிசையைப் பிடிக்க வேண்டும். சீட் என்ஜினில் பச்சை நிறத்தில் தெரியும் முகவரிகள் அந்த மாறாத அடிப்படையோடு ஒட்டியவை. இன்னொரு வழி, அந்த மதிப்பை மாற்றும் கட்டளையின் பைட் வரிசையையே தேடி அங்கே கை வைப்பது. கேமுக்கு அப்டேட் வந்தால் பாயின்டர்கள் சட்டென்று உடையும். பைட் வரிசை பலமுறை தாக்குப்பிடிக்கும். இறக்கி ஓட்டும் டிரெய்னர்கள் இந்த வேலையை யாரோ செய்து பொத்தான்களோடு கட்டிக்கொடுத்தவைதான். அதனால்தான் டிரெய்னரின் பெயரில் பதிப்பு எண் இருக்கிறது. எண் பொருந்தாவிட்டால் பொத்தானை அழுத்தும் நொடியில் கேம் மூடிக்கொள்ளும்.

கட்டளையில் கை வைப்பவர்கள் விழும் இன்னொரு பள்ளம்: நம் உயிரைக் குறைக்கும் அதே வரிதான் எதிரியின் உயிரையும் குறைக்கும். அதை அழித்தால் நாமும் சாக மாட்டோம், எதிரியும் சாக மாட்டான். அடிபடுவது யார் என்று பார்த்துப் பிரிக்கும் ஒரு நிபந்தனையையும் சேர்த்தாக வேண்டும்.

சேவ் ஃபைலில் இருக்கும் பூட்டு

உடைகள், கதாபாத்திரங்கள், படத்தொகுப்பு போன்ற நிரந்தரத் திறப்புகள் பெரும்பாலும் சேவ் ஃபைலில்தான் வாழ்கின்றன. அங்கே ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பிட் போதும், எட்டுப் பூட்டுகள் ஒரு பைட்டில் அடங்கிவிடும். முதல் இரண்டு உடை திறந்திருந்தால் அந்த பைட் 3, மூன்றாவதும் திறந்தால் 7, எட்டும் திறந்தால் 255.

அந்த பைட் எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று நகல் எடுப்பது நல்ல பழக்கம். சேவ் செய்து முதல் நகல். எதுவும் செய்யாமல் மறுபடி சேவ் செய்து இரண்டாம் நகல். பிறகு ஒரே ஓர் உடையை நேர்வழியில் திறந்து மூன்றாம் நகல். முதல் இரண்டையும் ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை நேராகக் காட்டும் கருவி) ஒப்பிட்டால் விளையாடிய நேரம், தேதி, தற்செயல் எண் போன்று தானாக மாறும் சத்தங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டையும் மூன்றையும் ஒப்பிட்டு, அந்தச் சத்தத்தைக் கழித்தால் மிஞ்சும் சில பைட்டுகளில்தான் விடை இருக்கிறது. இரண்டே நகலோடு ஒப்பிடுபவர்கள் கடிகாரத்தை உடை என்று நினைத்து அரை நாளைத் தொலைப்பார்கள்.

255 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் வம்பு. ஆறு உடைதான் உண்டு, மீதி இரண்டு பிட் உருவாக்குநர்கள் கைவிட்ட ஏதோவொன்றுக்கு என்றால், மெனு அந்த இல்லாத ஏழாவது உடையை வரைய முயன்று நின்றுபோகலாம். ஒவ்வொரு பிட்டாக ஏற்றிச் சோதிப்பதே மேல்.

சரியான இடத்தில் சரியான எண்ணை எழுதியும் "சேவ் கெட்டுவிட்டது" என்று கேம் சொன்னால், செக்சம் என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது என்று பொருள். போகிமான் ரெட் ஆங்கிலப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சேவ் 32 கேபி. பணம் 9715-ஆவது இடத்திலிருந்து மூன்று பைட்டில் இருக்கிறது, அதுவும் பதின்ம இலக்கமாகவே. தொடக்கத்தில் கையில் இருக்கும் 3000, ஹெக்ஸ் எடிட்டரில் 00 30 00 என்று அப்படியே தெரியும். 3000-ஐ ஹெக்ஸுக்கு மாற்றித் தேடுபவருக்கு அது கண்ணில் படாது. அதை 99 99 99 ஆக்கினால் 9,99,999 பணம். ஆனால் அப்படியே ஏற்றினால் சேவ் அழிந்துவிட்டதாகச் செய்தி வரும்.

காரணம்: 9624 முதல் 13602 வரையுள்ள எல்லா பைட்டுகளையும் 255-இலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் நிற்கும் ஒற்றை பைட்டை 13603-இல் கேம் எழுதி வைத்திருக்கிறது. நாம் செய்த மாற்றத்தைக் கணக்கிடுவோம். ஹெக்ஸ் 99 என்பது 153, ஹெக்ஸ் 30 என்பது 48. மூன்று 153 சேர்ந்து 459, அதில் பழைய 48 போக 411 கூடியிருக்கிறது. ஒரு பைட்டுக்குள் 256 சுற்றிவிடும், ஆக மிச்சம் 155. செக்சம் பைட்டிலிருந்து 155-ஐக் கழித்து எழுத வேண்டும். அது 155-ஐவிடச் சிறிதாக இருந்தால் 256-ஐக் கூட்டிவிட்டுக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான், கேம் மறுபேச்சில்லாமல் ஏற்கும். சேவ் எடிட்டர்கள் உள்ளே செய்யும் பெரிய வேலையே இந்தக் கணக்குதான். இப்போதைய கேம்களில் செக்சம் இடத்தில் மறையாக்கமும் பயனர் கணக்கோடு பிணைந்த கையொப்பமும் வந்துவிட்டன. ஒருவரின் சேவ் இன்னொருவருக்குத் திறக்காமல் போவது அதனால்தான்.

கேமைக் கட்டிய எஞ்சின், அதாவது அடிப்படை மென்பொருள், எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்பிஜி மேக்கர் எம்வி சேவ் என்பது சுருக்கிக் கட்டப்பட்ட சாதாரண ஜேசன் உரை. விரித்துப் படித்து மாற்றி மறுபடி கட்டிவிடலாம். ரென்பை என்ற எஞ்சினில் செய்த கேம்களில் படத்தொகுப்புத் திறப்பு எந்தத் தனிப்பட்ட சேவிலும் இருக்காது, பெர்சிஸ்டென்ட் என்ற தனி ஃபைலில் இருக்கும். முழுதாக முடித்தவரின் சேவ் ஃபைலை வாங்கிப் போட்டும் படங்கள் திறக்கவில்லை என்பதன் காரணம் அதுதான். விண்டோஸில் யூனிட்டி எஞ்சின் கேம்கள் சில, திறப்புகளை ஃபைலிலேயே வைக்காமல் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதும். ஃபோல்டரை நகலெடுத்தால் அவை கூட வராது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: சேவை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் கிளவுட் சேவ் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்திய ஃபைலின்மேல் பழையது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடையில் இருக்கும் பூட்டு

டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பாகம், அதைத் திறக்கும் அன்லாக்கர் என்பது வேறு சாதி. கேம் ஓடும்போது கடையின் மென்பொருளிடம் "இவர் இந்தக் கூடுதல் பாகத்தை வாங்கியிருக்கிறாரா?" என்று கேட்கிறது. இடையில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று பொய் சொல்லும் ஒரு டிஎல்எல்தான் (கேம் துணைக்கு ஏற்றிக்கொள்ளும் நிரல் ஃபைல்) அன்லாக்கர். இதற்கு நாசூக்கான பெயர் எதுவும் தேவையில்லை, காசு கொடுக்காமல் எடுப்பதுதான். தொழில்நுட்பமாகவும் இது அரைகுறை. பாகத்தின் ஃபைல்கள் ஏற்கெனவே கணினியில் இருந்தால்தான் பொய் பலிக்கும். ஃபைலே இல்லையென்றால் மெனுவில் பெயர் தெரியும், தொட்டால் கேம் விழும். உரிமையைச் சர்வரில் சரிபார்க்கும் கேமில் பொய் எடுபடாது. அன்லாக்கரோடு உருவாக்கிய சேவ், அதை நீக்கிய பிறகு திறக்காமலும் போகலாம்.

ஃபைல்கள் ஏன் முன்கூட்டியே நம்மிடம் இருக்கின்றன? 2012-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில், பின்னால் விற்கப்போகும் 12 கதாபாத்திரங்கள் விற்பனைக்கு வந்த முதல் நாளே டிஸ்க்கில் இருந்தன. வாங்கியவரும் வாங்காதவரும் ஆன்லைனில் மோதிக்கொள்ள இரு பக்கமும் ஃபைல் வேண்டும் என்பது அதை வெளியிட்ட கேப்காமின் விளக்கங்களில் ஒன்று. அதில் நியாயம் இருந்தாலும், கையில் இருக்கும் டிஸ்க்குக்கு மறுபடி காசா என்ற கோபம் அடங்கவில்லை.

சர்வரில் இருக்கும் பூட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசு, உடை, நிலை எல்லாம் அங்கே பதிவாகியிருந்தால் நம் மெமரியில் 9,99,999 என்று எழுதுவது திரையை மட்டும் ஏமாற்றும். கூடவே கண்காணிப்பு மென்பொருள் ஓடும் ஆன்லைன் கேமில் சீட் என்ஜினைத் திறந்து வைத்தாலே கேம் தொடங்க மறுக்கலாம். அங்கே மெமரியில் கை வைத்தால் கணக்குக்கே நிரந்தரத் தடை வரலாம்.

ஆன்டிவைரஸ் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

டிரெய்னரை இறக்கியதும் ஆன்டிவைரஸ் அலறும். இன்னொரு புரோகிராமைத் திறந்து அதன் மெமரியில் எழுதுவது, அதற்குள் தன் கட்டளைகளைச் செருகுவது என்று டிரெய்னர் செய்யும் எல்லாமே தீநிரல்களும் செய்பவைதான். அதனால் அலறல் பொய்யாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், உண்மையான தீநிரலைக் கட்டி அனுப்புபவரும் "அது பொய் எச்சரிக்கை, ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்றுதான் எழுதி வைப்பார். கடவுச்சொல் போட்ட ஜிப், ஆஃப்லைன் கேமுக்கு இணையம் கேட்கும் டிரெய்னர், சேவ் எடிட்டருக்கு எதற்கு என்றே தெரியாத நிர்வாகி அனுமதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடலாம். யாரோ கட்டிய எக்ஸ்இ-யைவிட, படித்துப் பார்க்கக்கூடிய சீட் டேபிள் (சீட் என்ஜினில் திறக்கும் முகவரிப் பட்டியல்) மேல், அதிலும் லுவா மொழி ஸ்கிரிப்ட் இருந்தால் ஓட்டுமுன் படியுங்கள். வெறும் சேவ் ஃபைல்தானே என்றும் நினைக்க முடியாது. ரென்பை சேவ் பைத்தானின் பிக்கிள் வடிவம். அதற்குள் இயங்கும் கட்டளையை ஒளித்து வைக்கலாம்.

நீதிமன்றமும் அதே கேள்வியைத்தான் கேட்டது

கேம் ஜீனி தங்கள் கேமைத் திருத்தி வேறு படைப்பாக்குகிறது என்று நின்டெண்டோ வழக்குப் போட்டது. 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கம் நின்றது. விற்பனை தடுக்கப்பட்டிருந்த காலத்துக்கு ஈடாக 1.5 கோடி டாலர் கலூப்புக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் சோனி, தன் கையடக்க கன்சோலான பிஎஸ்பிக்கு டேட்டல் நிறுவனம் செய்த ஆக்ஷன் ரீப்ளேமீது வழக்குப் போட்டது. மோட்டார்ஸ்டார்ம் பந்தயத்தில் டர்போவை அளவில்லாமல் தருவதும், புள்ளி சேர்த்தால் மட்டுமே கிடைக்கும் ஓட்டுநர்களை உடனே திறப்பதும் அந்தக் கருவியின் வேலை. 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: புரோகிராமின் கட்டளைகளைத் தொடாமல், அது ஓடும்போது மெமரியில் வைக்கும் மாறிகளின் (உயிர், காசு போன்ற மாறும் எண்களின்) மதிப்பை மட்டும் மாற்றுவது கணினி நிரல்களுக்கான பதிப்புரிமை விதிக்குள் வராது. கட்டளை வேறு, மாறி வேறு. பூட்டு எங்கே என்ற அதே கேள்விதான். இதைக் காட்டி டிஎல்சி அன்லாக்கரை நியாயப்படுத்த முடியாது. பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

சில பூட்டுகளைத் திறந்தவரைவிட வைத்தவருக்கே சேதம் அதிகம். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் கைவிடப்பட்ட ஒரு பாலியல் மினிகேமை உருவாக்குநர்கள் அழிக்காமல் வெறுமனே அணைத்து வைத்திருந்தார்கள். 2005 ஜூனில் கணினிப் பதிப்பு வந்ததும் ரசிகர்கள் முதன்மை ஸ்கிரிப்டில் சின்ன மாற்றம் செய்து அதைத் திறந்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கிலும் அது இருப்பதை ஆக்ஷன் ரீப்ளே கோட் காட்டிக்கொடுத்தது. வெளியிலிருந்து சேர்த்தது என்ற நிறுவனத்தின் சமாதானம் அதோடு செத்தது. ஜூலை 20 அன்று கேமின் தரச்சான்று வயது வந்தோருக்கு மட்டும் என்று மாறியது, கடைகள் பெட்டிகளை இறக்கின.

இன்னொரு வகைப் பூட்டு உண்டு, சாவியே வராதது. போகிமான் எமரால்டின் ஆங்கிலக் கார்ட்ரிட்ஜில் மியூ என்ற அரிய போகிமான் இருக்கும் தீவு முழுதாக இருக்கிறது, போவதற்கான பழைய கடல் வரைபடம் மட்டும் ஆங்கிலப் பதிப்புக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை. டைமண்ட், பேர்ல், பிளாட்டினத்தில் ஆர்சியஸ் என்ற இன்னொரு அரிய போகிமான் நிற்கும் மண்டபத்தைத் திறக்கும் அஸ்யூர் புல்லாங்குழல் உலகில் எங்குமே தரப்படவில்லை. மண்டபம், 80-ஆம் நிலை ஆர்சியஸ் எல்லாம் 2006-இலிருந்து கார்ட்ரிட்ஜில் காத்திருக்கின்றன. அந்தக் கேம்களில் அங்கே போய் நின்றவர்கள் எல்லோரும் ஆக்ஷன் ரீப்ளே கோட், சேவ் எடிட்டர் போன்ற ஏதோவொரு குறுக்கு வழியில் போனவர்கள்தான்.